வைன் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோன கதை

1

எனக்கு வயது எழுபத்தொன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கை கண்ணை மூடியபோது என் மடியில் விட்டுப் போனவர்கள். சோறு போடும்போது யார் எந்த வயிறு என்று நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கடைசி மகனின் பெண்ணையும் நானே வளர்த்தேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பற்றி இந்தப் பலெர்மோ ஊரில் இப்போது வேறு ஒரு கதை உலாவுகிறது. அந்தக் கதை உங்கள் காதுக்கு வருமுன் என் கதை வரட்டும்.

நம்முடைய வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மற்ற ஆட்கள் பனி கொட்டுவதையும் கண்ணாடிக் கட்டடங்களையும் எழுதுவார்கள். இந்த ஊரில் பனி இல்லை. கட்டடங்களும் காறை பெயர்ந்து நிற்கின்றன. வருகிற தையோடு நான் வந்து எட்டு வருடம். எழுத எனக்கு மிஞ்சியது கோபம் ஒன்றுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், சொல்வதில் பிழை இல்லை.

2

நாங்கள் இருப்பது ஒரேத்தோ பக்கம், மூன்றாம் மாடி. கடைசி மகன் பழக்காலத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்குகிறான். மற்றக் காலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். மருமகள் மலர், பொலிதேயாமா பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுக்கிறாள். வீட்டுக்கார அம்மாளை இங்கே சின்யோரா என்பார்கள். பேத்தி துஷிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்குள்ளே தமிழில் தொடங்குவாள், வாசலைத் தாண்டுமுன் இத்தாலியனாகிவிடும். கனவிலும் அதையே கதைக்கிறாள். பக்கத்தில் படுக்கிறவள் நான், எனக்குத் தெரியும்.

நான் காலையில் எழும்பித் தேங்காய் துருவி, மரக்கறி வெட்டி, உடுப்புக் காயப்போட்டு, பிறகு பல்கனியில் இருந்து தெருவைப் பார்ப்பேன். ஊரில் என்னைக் கடக்கிறவர்கள் இரண்டு சொல் சொல்லாமல் போனதில்லை. இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் பேப்பர் எடுக்கிற அரசாங்கக் கந்தோர். அங்கேயும் என் பெயரைச் சொல்வதில்லை. என் அப்பாவின் பெயரைக் கத்துவார்கள், பேப்பரில் அதுதான் குடும்பப் பெயராம். செத்து எவ்வளவோ காலமான மனிதரை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் "வா, வா" என்று கூப்பிட, நான் எழும்பிப் போகவேண்டும். முதல் தடவை எழும்பாமல் இருந்துவிட்டேன். வரிசை போய்விட்டது.

இந்த நாட்டில் இருக்க விடுகிற பேப்பருக்குப் பெர்மெஸ்ஸோ என்று பெயர். மகனுக்கு இருக்கிறது. எனக்கும் பேத்திக்கும் அவன் எடுத்துத் தந்தான். மலர் மட்டும் எங்களுக்கு முன்னே வேறு வழியால் வந்தவள், அவளுக்கு இல்லை. தெருவில் பொலிசைக் கண்டால் கடைக்குள் ஏறி, தேவையில்லாத சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த வருடம் அரசாங்கம் ஒரு வழி திறந்திருந்தது. வேலை கொடுக்கிறவர்கள் கந்தோருக்கு வந்து, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று கையெழுத்து வைத்தால் பேப்பர் கிடைக்கும். மலரின் சின்யோரா கையெழுத்து வைப்பதாகச் சொல்லிச் சொல்லியே மாதங்களை ஓட்டினாள். நாளைக்கு என்பாள். நாளைக்கு அவளுக்குத் தலைமயிர் வெட்டப் போகவேண்டியிருக்கும். வழி மூடுகிற நாளும் கிட்டிக்கொண்டு வந்தது.

அப்படியிருக்க ஒரு நாள் மலர் வேலையால் ஓடிவந்தாள்.

"மாமி, சின்யோரா எங்களை ஞாயிற்றுக்கிழமை அவையின்ரை வைன் செய்யிற இடத்துக்கு வரச் சொல்லுறா. துஷியையும் உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். வான் அனுப்புவினமாம்."

"ஏனாம்?"

"புது வைன் ருசிக்கிற விழாவாம். வெளியூரிலையிருந்து பெரிய ஆக்கள் வருகினமாம். என்ரை கலியாணப் படத்தைப் பாத்திட்டு, இந்தச் சேலையோடை வா எண்டு சொன்னவ."

நான் கையிலிருந்த கத்தியை வைத்தேன். கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வரச்சொல்லி ஒரு வீட்டுக்காரி கேட்டால் நாங்கள் என்ன நினைப்போம்? நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நல்ல காரியத்துக்கு அழைப்பு என்றுதானே. கையெழுத்தும் அங்கேதான் வைக்கப்போகிறாள் என்று மலர் நினைத்தாள். நானும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை.

3

ஒரு வீட்டுக்கு முதன்முதல் போகும்போது வெறுங்கையோடு போகிற ஆட்களா நாங்கள்? இரண்டு நாள் பயறு வறுத்து, இடித்து, பயத்தம் பணியாரம் சுட்டேன். அரியதரமும் சுட்டேன். பனங்கட்டி இல்லை, இங்கத்தைச் சீனியில்தான் செய்தேன். ஆனாலும் வாயில் போட்டால் கரையும். என் பெட்டிக்குள் வந்த பித்தளைத் தட்டத்தைப் புளி போட்டுத் துலக்கி, அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடினோம். மலர் கூறை உடுத்தாள். அவள் கலியாணத்துக்கு நான் எடுத்த கூறை. அவள் ஊரை விட்டு வந்தபோது கொண்டுவர முடியாமல் போனதை நான்தான் பிறகு கொண்டுவந்து கொடுத்தேன். தலைக்குப் பூ இல்லை. துஷி கீழே போய் யாரோ வீட்டு மதிலால் நீட்டிக்கொண்டிருந்த மல்லிகையைப் பிடுங்கி வந்தாள்.

வான் மலையடிக்கு ஏறிப் போயிற்று. இரண்டு பக்கமும் வைனுக்குப் பிழிகிற முந்திரிகைக் கொடிகள். நம்முடைய ஊரில் முந்திரிகைக்குப் பந்தல் போட்டு, அதற்குக் கீழே நாங்கள் நிழலுக்கு நிற்போம். இங்கே இடுப்பளவில் வெட்டிக் கம்பியில் கட்டிவைத்திருக்கிறார்கள். வெயில் முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

பெரிய கல்வீடு. முற்றத்தில் நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் நாலு நாலு கிளாஸ். மலர் தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். சின்யோரா "ஓ!" என்று கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். தட்டத்தை வாங்கிப் பின்னால் நின்ற வேலைக்காரியிடம் கொடுத்தாள். அந்த வேலைக்காரி திரும்பி வந்தபோது கையில் இரண்டு வெள்ளை ஏப்ரன் இருந்தது. ஒன்று மலருக்கு. மற்றது எனக்கு.

நான் துஷியைப் பார்த்தேன். "என்னடி இது?"

"அம்மா வைன் ஊத்தோணுமாம், அப்பம்மா. நீங்கள் பாணும் சீசும் வைக்கட்டாம். வெளியூர் ஆக்களுக்கு சாறியோடை நிண்டா பெல்லோவாம்... வடிவாம்."

"அப்ப எங்களை விருந்துக்குக் கூப்பிடேல்லையோ?"

மலர் கூறைக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தந்த ஏப்ரனை மடித்து மதிலில் வைத்துவிட்டு நின்றேன்.

4

ஆட்கள் வந்தார்கள். நல்ல சப்பாத்து, நல்ல கைக்கடிகாரம். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ஆட்டுவார்கள். மூக்கை உள்ளே விடுவார்கள். ஒரு வாய் எடுத்துக் கொப்பளிப்பார்கள். பிறகு, நான் பொய் சொல்லவில்லை, மேசையில் வைத்திருந்த வெள்ளி வாளிக்குள் துப்புவார்கள். ஒருவர் துப்பி முடிய அடுத்தவர். வாளி கைமாறிக் கைமாறிப் போயிற்று. நம்முடைய பெரியவர்கள் வெற்றிலைக்குப் படிக்கம் வைத்திருந்தால் இவர்கள் முகத்தைச் சுழிப்பார்கள். இவர்களுடைய படிக்கம் பளபளத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

துப்புவது அவர்கள் பழக்கம். இருக்கட்டும். வைன் ருசிப்பதற்கு அதுதான் முறையாம், விழுங்கினால் வெறித்துவிடுமாம். அதிலே எனக்குக் கோபம் இல்லை.

வாளி நிறைந்தது. சின்யோரா விரலை இப்படி ஆட்டினாள். மலர் போனாள். கூறைச்சேலை உடுத்திய என் மருமகள், தாலி கழுத்தில் தொங்க, இத்தனை பேருடைய எச்சிலையும் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு, தளும்பிச் சேலையில் படாமல் இருக்க மெல்ல மெல்ல நடந்தாள். மேசையில் கதை நிற்கவில்லை. ஒரு மனிசரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது மேசையின் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. யாரோ வராத ஆளின் கதிரை. நான் போய் அதில் இருந்தேன்.

கதை நின்றது.

"மலர், அதை அங்கை வைச்சிட்டு வந்து என்ரை பக்கத்திலை இரு" என்று சொன்னேன்.

"ஐயோ மாமி, எழும்புங்கோ. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன், எழும்புங்கோ."

சின்யோரா வந்தாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் துஷியோடு கதைத்தாள். நான் துஷியின் கையைப் பிடித்தேன்.

"சொல்லடி அவவுக்கு. கூறையோடை வா எண்டு கூப்பிட்டது நீ. பலகாரத்தோடை வந்தனாங்கள் நாங்கள். எச்சில் வாளி தூக்கிறதுக்கு எங்கடை பெட்டை கூறை உடுக்கிறேல்லை. எனக்கும் ஊத்து, என்ரை மருமகளுக்கும் ஒரு கதிரை போடு. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

துஷி சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லச் சின்யோராவின் முகம் இளகியது. மேசையில் இருந்த ஆட்களும் தலையைச் சரித்து என்னைப் பார்த்தார்கள். ஒரு நரைத்த மனிதர் எழும்பி என் கதிரையை மேசையோடு நெருக்கி வைத்தார். சின்யோரா என் தோளைத் தடவி, தன் கையாலேயே எனக்கு ஊற்றினாள். மலருக்குக் கதிரை வரவில்லை. ஆனாலும் என் சொல் எடுபட்டது என்று நான் நினைத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

5

எங்கள் வீட்டு வாசலுக்குள் கள்ளு முட்டி வந்ததில்லை. என் புருஷன் குடித்ததில்லை, அதனால் நானும் ஒருநாளும் அந்த மணத்தோடு படுத்ததில்லை. அன்றைக்கு நாலு கிளாஸும் குடித்தேன். கேட்கிறவர்கள் கேளுங்கள். இருந்த கதிரையில் இருக்கவேண்டுமானால் அதைக் குடிக்கவேண்டியிருந்தது. நம்முடைய முறைப்படி, கிளாஸ் வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். துப்பவில்லை.

முதலாவது வெள்ளை. பெயர்தான் வெள்ளை, நிறம் வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி. நல்ல குளிர். விடியவே பனையில் இறக்கின கருப்பநீரை மத்தியானம் வரை விட்டுவிட்டால் ஒரு புளிப்பு ஏறுமே, அதற்குள் தேசிக்காய்ப் புளி விட்டது போல. வெயிலுக்கு நல்லது என்று துஷியிடம் சொன்னேன். அவள் சொன்னாள். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

இரண்டாவது றோஸ் நிறம். பார்க்கத்தான் வடிவு. சர்பத்துக் குடித்த கிளாஸை அலம்பின தண்ணீர். மணம் ஏதோ பழம் என்று ஏமாற்றும், வாயில் ஒன்றும் இருக்காது. இதைச் செய்தவருக்கு வேறு வேலை இல்லையோ என்று கேட்டேன். துஷி இதையும் சொன்னாள், கைதட்டினார்கள்.

மூன்றாவது கறுப்பு. சிவப்பு என்கிறார்கள், கிளாஸுக்குள் கறுப்பாகத்தான் இருந்தது. நாவற்பழம் தின்றால் நாக்குத் தடித்து மரத்துப்போகும் அல்லவா? அந்தக் கயர். விழுங்கின பிறகு நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டினது மாதிரி ஒரு சூடு. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற மணமும் இருந்தது. முதல் வாய்க்கு முகம் கோணிற்று. இரண்டாம் வாய்க்கு விளங்கிற்று. நாலிலும் இதுதான் திறம். அது என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை.

நாலாவது, முந்திரிகையை வெயிலில் வற்றவைத்துச் செய்த இனிப்பு. சின்னக் கிளாஸில், சீனிப்பாணி மாதிரித் தடிப்பாக. பனங்கட்டி காய்ச்சுகிற வீட்டுக்குப் பக்கத்தால் போனது போல் இருந்தது. நல்ல சாமான்தான். ஆனால் அதோடு சேர்த்துத் தின்னவென்று சின்யோரா ஒரு கண்ணாடித் தட்டில் எதைக் கொண்டுவந்தாள் தெரியுமா? என்னுடைய பயத்தம் பணியாரம். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, குச்சி குத்தி.

"என்ன சொல்லுறா?" என்று துஷியைக் கேட்டேன்.

"இந்தியப் பலகாரமாம். தான் ஆக்களைக் கொண்டு செய்விச்சதாம்."

"இந்தியாவோ? சொல்லடி, நான் சுட்டதெண்டு!"

"சொல்லுறன், சொல்லுறன், அப்பம்மா" என்றாள். ஏதோ சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்து "ப்ராவா, ப்ராவா" என்றார்கள்.

வான் புறப்படும்போது தட்டத்தைக் கழுவித் தந்தார்கள். பளிச்சென்று, வெறுந்தட்டமாக. ஒரு பிடி சீனி, ஒரு பழம், ஒன்றும் இல்லை. வந்த தட்டத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வீட்டை நான் என் வயதுக்கு முதன்முதலாகக் கண்டேன்.

6

அடுத்த கிழமை சின்யோரா கந்தோருக்கு வந்தாள். தன் சொந்தக் காரில் மலரை ஏற்றிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தாள்.

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கனடாவில் இருக்கிற மூத்த மகளோடு டெலிபோனில் கதைத்தேன். "குனிஞ்சு நிண்டால் மாதக்கணக்கிலை இழுத்தடிப்பினம், நிமிந்து இருந்தால் அடுத்த கிழமை வருவினம்" என்று சொன்னேன். கோயிலில் கண்ட சனத்துக்கும் சொன்னேன். மலர் மட்டும் அந்தக் கதை எடுக்கும்போதெல்லாம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பலாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மன்னாரைச் சேர்ந்த றோசம்மா வந்தாள். எங்கள் சின்யோராவின் தங்கை வீட்டில் வேலை செய்கிறவள். நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தைச் சத்தத்துக்குள்ளும் மெல்லக் கேட்டாள்.

"ஆச்சி, இப்ப எப்பிடி? மருந்து ஒழுங்கா எடுக்கிறியளோ?"

"என்ன மருந்து? எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே."

"இல்லை... தலைச் சுகத்துக்கு. எங்கடை வீட்டிலை கதைச்சவை. பாவம் அந்த மலர், மாமிக்கு விசர், தனிய விடேலாதாம், அதோடை வேலையும் செய்யிறாள் எண்டு. அதைக் கேட்டுத்தானாம் பெரியவ மனமிரங்கிக் கையெழுத்து வைச்சவ. நான் அந்தோனியாருக்கு உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினனான், ஆச்சி."

கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

7

இருவரும் வீட்டில் இருந்தார்கள். கதவைச் சாத்தினேன்.

"துஷி, அண்டைக்கு மேசையிலை என்னடி சொன்னனீ?"

அவள் இத்தாலியனில் ஏதோ முணுமுணுத்தாள்.

"தமிழிலை சொல்லு."

"தமிழிலை... வராது, அப்பம்மா."

"வரும். நான் தந்த தமிழ்தானே. சொல்லு."

அழுதுகொண்டு சொன்னாள். "அப்பம்மாக்குத் தலை சரியில்லை, தன்ரை பழைய வீடு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா, கொஞ்சம் இருக்க விடுங்கோ, குழப்பினா அழுவா எண்டு. நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தா அம்மாவை அங்கையே வேலையாலை நிப்பாட்டியிருப்பினம். எனக்கு வேறை ஒண்டும் வரேல்லை."

அப்படியென்றால் அந்த மனிதர் கதிரை நெருக்கியது அதற்கு. கைதட்டியது அதற்கு. தோளைத் தடவியது அதற்கு. விசரிக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு கிளாஸுக்கும் நல்லது கெட்டது சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மலரைப் பார்த்தேன். "உனக்கும் தெரியுமோ?"

"அடுத்த நாளே தெரியும், மாமி. சின்யோரா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதவ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"சொல்லியிருக்கலாமே."

"பேப்பர், மாமி! எத்தினை மாதம் நான் கெஞ்சினனான்? இனிப் பொலிசைக் கண்டு கடைக்குள்ளை ஒளியத் தேவையில்லை. அதுக்காக எனக்கு விசர் எண்டாலும் நான் ஓம் எண்டிருப்பன்."

"அப்ப உனக்கெண்டு சொல்லியிருக்கலாமேயடி!"

"எனக்கு விசரெண்டா ஆர் மாமி எனக்கு வேலை தருவினம்?"

துஷி அழுகைக்குள்ளும் சிரித்துவிட்டாள். அவளுக்கு ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல், பானையில் இருந்த சோற்றை மூடினேன்.

மகன் வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "விடுங்கோ அம்மா, காரியம் நடந்திட்டுதுதானே" என்றான். நடந்துவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. மருமகளின் பேப்பரை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். அவள் படம் நல்லாக விழுந்திருக்கிறது. பயமில்லாத முகம். அந்த முகத்துக்கு நான் எதையும் கொடுப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என்னைக் கேளாமல் எடுத்ததுதான் என்னால் விழுங்கமுடியாமல் இருக்கிறது. இப்போது சின்யோரா ஒவ்வொரு கிழமையும் மலரிடம் என்னைப் பற்றி விசாரிக்கிறாளாம். மலர் "அப்பிடியேதான் இருக்கிறா" என்று சொல்லுகிறாளாம். நான் திருந்திவிட்டேன் என்று சொன்னாலும் சங்கடம், இல்லை என்று சொன்னாலும் சங்கடம். அந்த வீட்டைப் பொறுத்தவரை நான் சாகும்வரை விசரிதான்.

எச்சில் வாளியைத் தூக்கச்சொன்ன பெண் நல்லவள் ஆகிவிட்டாள். மனமிரங்கினவள் என்று ஊர் முழுக்கப் பெயர். கூடாது என்று சொன்ன நான் சுகமில்லாதவள். இந்த ஊரில் எங்கள் வாயை எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் திறந்தால்தான் எங்களுக்குச் சத்தம் வரும். அது எந்தச் சத்தம் என்று எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்கு வர வெளிக்கிட்டு நிற்கிற என் வயதுக்காரர்கள் அதையும் ஒருமுறை யோசித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

8

எழுதி முடித்துவிட்டேன். துஷி சனிக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் தமிழ் படிக்கப் போகிறாள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். தபாலில் போடுமுன் அவள் இதை வாசிக்கவேண்டும்.

"துஷி, இஞ்சை வா. இதிலை இரு. கொப்பாவையும் கொம்மாவையும் கூப்பிடு, அவையும் கேக்கட்டும். முதல் வரியிலையிருந்து வாசி. விளங்காத எழுத்தைக் கேள், சொல்லித் தாறன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆனா ஒரு சொல்லும் விடாதை, ஒரு சொல்லும் கூட்டாதை. விசர் எண்டு எழுதியிருக்கிற இடத்திலை விசர் எண்டே வாசி, விழுங்காதை. முழுக்க வாசிச்சு முடிச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு, இதை எழுதினவளுக்குத் தலை சரியோ, இல்லையோ எண்டு. தமிழிலை சொல்லு."